‘செவில் நகர நாவிதன்’ ஆங்கிலத்தில்: ஓர் ஒலிப்பதிவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

1816 பிப்ரவரி 20 அன்று ரோம் நகரின் ஆர்ஜென்டினா அரங்கில் ‘செவில் நகர நாவிதன்’ என்ற இத்தாலிய ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம், முதன்முதலாக மேடையேறியபோது, அதற்கு இசையமைத்த ரோசினிக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. அன்று சீட்டியும் கூச்சலுமாகப் போன நிகழ்ச்சி, அடுத்த முறையே கைதட்டல் வாங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1818-ல், லண்டன் கோவென்ட் கார்டனில் அதை ஆங்கிலத்தில் பாடினார்கள். 1819-ல் நியூயார்க்கிலும் ஆங்கிலத்தில்தான். ஆகவே இந்த ஓபராவை ஆங்கிலத்தில் பாடுவது நேற்று முளைத்த பழக்கம் அல்ல. லண்டனின் இங்கிலிஷ் நேஷனல் ஓபரா ஆங்கிலத்தில் பாடுவதையே தன் கொள்கையாக வைத்திருக்கிறது. சாண்டோஸ் நிறுவனம் பீட்டர் மூர்ஸ் அறக்கட்டளையின் துணையோடு ஆங்கிலத்தில் பாடப்படும் ஓபராக்களுக்கென்றே ஓர் இசைத்தட்டு வரிசை வெளியிட்டது. அதிலும் இந்த நாவிதன் இருக்கிறான்.

பிரெஞ்சு நாடகாசிரியர் போமார்ஷேயின் நாடகத்திலிருந்து செசாரே ஸ்டெர்பினி பாட்டுக்கு எழுதிக் கொடுத்த கதை எளியது. பணக்காரப் பெண் ரோசினாவை அவளுடைய காப்பாளர் டாக்டர் பார்த்தோலோ வீட்டுக்குள் பூட்டி வைத்து, தானே மணந்துகொள்ளப் பார்க்கிறார். அல்மவீவா பிரபு வேடம் மாற்றி மாற்றி உள்ளே நுழைகிறான். வழி செய்து கொடுப்பவன் ஊர் நாவிதன் ஃபிகரோ. இசை ஆசிரியர் பசீலியோ, பணம் எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சாய்கிறவர்.

இங்கே பதிவு செய்யும் நிகழ்வு, இங்கிலாந்தின் ஒரு சிறிய ஓபரா குழுவினுடையது. முப்பது சொச்சம் வாத்தியக்காரர்களுடன் அந்தக் குழு இரண்டு ஆண்டுகள் இந்த ஓபராவை ஆங்கிலத்தில் ஊர் ஊராகக் கொண்டு போனது. மொழிபெயர்ப்பைக் குழுவுக்கென்றே ஒருவர் புதிதாகச் செய்திருந்தார். பியானோ வாசிக்கத் தெரிந்தவர், ஒவ்வொரு வரியையும் தானே பாடிப் பார்த்த பிறகே எழுதியவர். போன இடமெல்லாம் சிரிப்பு. நன்கொடையாளர் ஒருவர் ஒலிப்பதிவுக்குப் பணம் தர முன்வந்தபோது யாரும் தயங்கவில்லை. தயாரிப்பாளருக்குப் பக்கத்தில் இசைப்பிரதியை விரித்து வைத்துக்கொண்டு, எந்த டேக்கில், அதாவது எத்தனையாவது தடவை எடுத்த பதிவில், எந்தக் கட்டத்தில் யார் இடறினார் என்று குறித்துக்கொள்வது என் வேலை.

திட்டம்

ஓபரா ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடும். மூன்று மணி நேர அமர்வு ஒன்றில் 20 நிமிட இசை தேறும் என்ற கணக்கில் வாத்தியக் குழுவுக்கு ஐந்து நாளில் 9 அமர்வுகள் ஒதுக்கினோம். ஹார்ப்சிகார்ட் என்ற பழைய காலத்து விசைப்பலகை வாத்தியமும் செல்லோவும் மட்டும் துணைக்கு வரும் பேச்சுப்பாட்டுப் பகுதிகளை ஆறாம் நாளுக்குத் தள்ளினோம். இடம், லண்டன் புறநகரில் வாடகைக்குக் கிடைத்த ஒரு பழைய தேவாலயம். உயரமான கூரை, கல் தரை. வயலின்களுக்கு அந்த இடம் சொர்க்கம். விமானம் மேலே போனால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் குறை என்று எண்ணினோம்.

மேடையில் ஓடி ஓடிப் பழகிய பாட்டு என்பதால் சொற்களுக்கென்று தனி ஒத்திகை வைக்கவில்லை. வாத்தியக் குழுவுக்கு மட்டும் ஒரு நாள் ஒத்திகை நடந்தது. இந்த முடிவைப் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டோம்.

முதல் நாள் மாலை

ஃபிகரோவின் அறிமுகப் பாட்டோடு தொடங்கினோம். அது சிக்கலில்லாமல் அமைந்தது. ‘ஃபிகரோ’ என்ற பெயரில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. ஆங்கில நாக்குக்கு அது இயல்பு. ‘ஃபிகரோ குவா, ஃபிகரோ லா’ என்பது ‘ஃபிகரோ ஹியர், ஃபிகரோ தேர்’ என்று சொல்லுக்குச் சொல் அப்படியே உட்கார்ந்துவிடும். இப்படி வலிக்காமல் மொழி மாறும் இடங்கள் இந்த ஓபராவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

மாலையில் பார்த்தோலோவின் பெரிய ஆரியா, அதாவது தனிப்பாட்டு. அந்தப் பாடகருக்கு ஐந்தாம் நாள் வேறு ஊரில் வேலை இருந்ததால் அதை முன்னால் எடுத்தோம். பாஸ் எனப்படும் கனத்த ஆண் குரல்களுக்குப் பரீட்சை வைக்கும் பாட்டு இது. இதன் வேகத்தைச் சமாளிக்க முடியாமல், 1816-லேயே புளோரன்ஸ் நகர நிகழ்ச்சிக்காக பியட்ரோ ரொமானி என்பவர் வேறொரு எளிய பாட்டை எழுதிச் சேர்த்தார். அந்த நூற்றாண்டில் பல பாடகர்கள் அதைப் பாடித் தப்பித்துக்கொண்டார்கள். எங்கள் பாடகர் தப்பிக்கிறவர் அல்லர். மூன்றாம் டேக்கில் ஓர் அசைகூட விடாமல், மூச்சு முட்டாமல், ஓட்டமாகப் பாடி முடித்தார். வாத்தியக்காரர்கள் காலால் தரையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

பதிவறையாக நாங்கள் பயன்படுத்தியது தேவாலயத்தின் உடைமாற்றும் அறை. அங்கே அதைத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் வயதான பெண்மணி தேநீர்த் தட்டுடன் வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

“அருமையாகப் பாடுகிறார். இது இத்தாலியனா?” என்றார்.

அறையில் யாரும் பேசவில்லை. தயாரிப்பாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை உட்காரச் சொல்லி, காதில் விழும் சொற்களை எழுத முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் எழுதினார். பாட்டு முடிந்தபோது தாளில் ஐந்து சொற்கள் இருந்தன: டாக்டர், மை டியர், நெவர். கடைசியாக எழுதியது ‘டோர்’; அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எங்கே பிசகியது

இரவு ஒன்பது மணிக்குத் தேவாலயச் சமையலறையில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். வாத்தியக் குழுவை நடத்தும் கண்டக்டர், தயாரிப்பாளர், ஒலிப்பதிவாளர், மொழிபெயர்ப்பாளர், நான்.

ஒலிப்பதிவாளர் கூடத்தைக் குறை சொன்னார். ஒரு மெய்யெழுத்து அடங்குவதற்குள் அடுத்த நான்கு அசைகள் அதன் மேல் வந்து விழுகின்றன. வயலினுக்கு மெருகு ஏற்றும் அதே முழக்கம் சொல்லை மங்கச் செய்கிறது என்றார். உண்மைதான், ஆனால் ஃபிகரோவின் பாட்டு அதே கூடத்தில் புரிந்ததே.

மிச்சம் இருந்த காரணம் மெய்யெழுத்துகள். இதைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது எளிது. தமிழில் எந்தச் சொல்லும் க், ட், த், ப் போன்ற வல்லின மெய்யில் முடிவதில்லை. கடன் வாங்கிய சொல்லுக்குக்கூட ஓர் உகரத்தை ஒட்டிவிடுவோம். இத்தாலியனும் ஏறக்குறைய அதே சாதி. சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். ஒரு சொல்லின் ஈறும் அடுத்ததன் முதலும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும். ரோசினி வேகமாக எழுத முடிந்ததற்கு அந்த வழுக்கல் ஒரு காரணம். ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் கதவு சாத்த வேண்டும். எங்கள் மொழிபெயர்ப்பில் ஓர் இடத்தில் ‘லாக்ட் டோர்ஸ்’ என்று இருந்தது. க், ட், ட் என்று மூன்று வல்லினங்கள் ஒரே நொடியில் முட்டிக்கொள்கின்றன. பாடகர் மூன்றையும் உச்சரித்தால் தாளம் தவறும், தாளத்தைப் பிடித்தால் ‘லா டோ’ என்றுதான் கேட்கும். அவர் தாளத்தைத்தான் பிடித்தார். அவர் மேல் தவறில்லை.

அப்படியானால் இரண்டு ஆண்டுகளாக ஊரெல்லாம் சிரித்தது எதற்கு? அன்றிரவு மொழிபெயர்ப்பாளரே இந்தக் கேள்வியைக் கேட்டு, அவரே பதிலும் சொன்னார். மேடையில் பார்த்தோலோ அந்த வரிக்கு இடுப்பிலிருந்து ஒரு பெரிய சாவிக்கொத்தை எடுத்து ஆட்டுவார். சிரிப்பு சாவிக்கொத்துக்கு வந்தது. தன் வரிக்கு வந்ததாக அவர் இரண்டு ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தார்.

எங்கள் தவறின் வேர் அங்கே இருக்கிறது என்று இன்றும் எண்ணுகிறேன். பாடகரின் உதடு, கை, சாவி, அங்கி என்று மேடையில் எல்லாம் சேர்ந்து பேசுகின்றன. இப்போதெல்லாம் மேடைக்கு மேலே வசன வரிகளும் ஓடுகின்றன. 2005-ல் இங்கிலிஷ் நேஷனல் ஓபராவே, ஆங்கிலத்தில் பாடுவதற்கு ஆங்கில வரிகளைத் திரையிடத் தொடங்கியது, பலத்த எதிர்ப்புக்கு நடுவே. ஒலிப்பதிவுக்கு இந்த ஊன்றுகோல்களில் ஒன்றும் கிடையாது.

எடுத்த முடிவுகள்

வேகத்தைக் குறைக்கலாம் என்று தயாரிப்பாளர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். கண்டக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். நிதானமாகப் பாடினால் பார்த்தோலோ நியாயமான மனிதராகிவிடுவார், கோபத்தில் நாக்கு காலை முந்திக்கொண்டு ஓடுவதில்தான் வேடிக்கையே இருக்கிறது என்பது அவர் வாதம். நான் அவர் பக்கம்.

மைக்கைப் பாடகருக்கு நெருக்கமாகக் கொண்டு வருவது அடுத்த யோசனை. கொஞ்சம் செய்தோம். அளவுக்கு மீறினால் பாடகர் ஓர் அறையிலும் வாத்தியங்கள் இன்னோர் அறையிலும் இருப்பது போலக் கேட்கும். பக்கத்துக் கூடத்திலிருந்து கம்பளங்களைக் கொண்டுவந்து பாடகர்களுக்குப் பின்னால் தொங்கவிட்டதில் ஓரளவு பலன் கிடைத்தது.

வேலையை உண்மையில் மாற்றியது மொழிபெயர்ப்பாளர் கையிலிருந்த சிவப்புப் பென்சில். ரோசினி ஒரு வரியை ஒருமுறை மட்டும் பாடவைத்து விடுவது அபூர்வம். இரண்டு, மூன்று, சில இடங்களில் ஐந்து தடவை அதே சொற்கள் திரும்பி வரும். ஆகவே ஒவ்வொரு வரியும் முதல் தடவை தெளிவாக விழுந்தால் போதும். அதற்குப் பிறகு கேட்பவர் நினைவிலிருந்தே அதைக் கேட்டுக்கொள்வார். முதன்முறை வரும் வரிகளை மட்டும் சிவப்பில் கோடிட்டோம். சிவப்பு வரிகளில் சொல்லுக்கு முதலிடம். மற்றவற்றில் வேகத்துக்கும் குரலுக்கும். முதல் அங்கத்தின் இறுதியில் எல்லாரும் சேர்ந்து, தலைக்குள் கொல்லன் பட்டறை நடப்பது போல இருக்கிறதென்று பாடும் நீண்ட பகுதியில் ஒரு கோடுகூட விழவில்லை. அங்கே ஒருவருக்கும் ஒன்றும் புரியாமல் இருப்பதே கதை.

சிவப்பு வரிகளில் வல்லினம் மோதும் இடங்களை மொழிபெயர்ப்பாளர் அன்றிரவே மாற்றத் தொடங்கினார். மூலத்தில், அந்தக் கதவு வழியே காற்றுகூட நுழைய முடியாது என்று பார்த்தோலோ சொல்கிறார். ‘லாக்ட் டோர்ஸ்’ இருந்த வரி ‘நோ ஏர் வில் என்டர்’ என்று ஆனது. மூலத்துக்கும் நெருக்கம், வாய்க்கும் சுகம். பூட்டு போய்விட்டதே என்று முதலில் வருந்தினார். பிறகு அவரே நான்கு தடவை பாடிப் பார்த்துவிட்டு வருத்தத்தை விட்டுவிட்டார்.

இரண்டாம் நாள் காலை அந்த ஆரியாவைப் புதிய வரிகளோடு மறுபடி எடுத்தோம். இதற்கே ஓர் அமர்வில் பாதி போனது.

‘ஆனால்’ என்ற சொல்

அன்று மதியம் ரோசினாவின் முதல் ஆரியா. நான் அடக்கமானவள், பணிவானவள், சொன்னபடி கேட்பவள் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்து, ஒரு சொல்லில் எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறாள்: ஆனால் என் பலவீனமான இடத்தைத் தொட்டால் விரியன் பாம்பாகிவிடுவேன். அந்த ‘ஆனால்’ இத்தாலியனில் ‘மா’. ஒரே எழுத்து, அதுவும் நெடில். இரண்டு நூற்றாண்டுகளாகப் பாடகிகள் அதில் உட்கார்ந்துகொண்டு விளையாடியிருக்கிறார்கள். இழுக்கலாம், குழையலாம், கண்ணை உருட்டலாம்.

ஆங்கிலத்தில் அது ‘பட்’. ஒரு குறில், அதன் காலில் ஒரு வல்லினம். இழுக்க இடமே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் வேறு சொற்கள் கொடுத்துப் பார்த்தார். ‘யெட்’ என்பதிலும் அதே கதவு. முன்னால் ஒரு ‘ஆ’ சேர்த்தால் ஏதோ திடீரென்று நினைவுக்கு வந்ததுபோல ஆகிவிடுகிறது; ரோசினாவோ முதல் வரியிலிருந்தே அந்த இடத்துக்குக் குறிவைத்து வருகிறவள். பாடகிதான் வழி கண்டுபிடித்தார். உயிரை மட்டும் வாய் திறந்தபடி இத்தாலியன் அளவுக்கு நீட்டுவது, ‘ட்’டைச் சொல்லாமல் வைத்திருப்பது, ஒலி முற்றிலும் நின்ற பிறகு அதைத் தனியாக, உலர்ந்த குச்சியை ஒடிப்பது போலப் போடுவது.

ஏழு டேக் எடுத்தோம். முதல் மூன்றில் அந்த ‘ட்’ மைக்கில் வெடித்தது. அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பச் சொன்னார் ஒலிப்பதிவாளர். நான்காவதில் அது சுத்தமாக விழுந்தது. விழுந்ததோடு நிற்காமல், தேவாலயத்தின் பின்சுவர் வரை போய்த் தொட்டு மெல்லத் திரும்பி வந்தது. கண்டக்டர் கையை உயர்த்தியபடியே அது திரும்பி வரும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த கட்டத்துக்குள் போனார். மீதி மூன்று டேக்கிலும் யாராலும் அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை. வெளியீட்டில் இருப்பது நான்காவது.

வதந்தி

மூன்றாம் நாள் பசீலியோவின் ஆரியா. அவதூறு ஓர் இளங்காற்றாகத் தொடங்கி, தரையோடு தரையாக ஊர்ந்து, காதுக்குக் காது புகுந்து, கடைசியில் பீரங்கியாக வெடிக்கிறது என்று அவர் பாடுகிறார். முணுமுணுப்பிலிருந்து முழக்கம் வரை வாத்தியங்கள் படிப்படியாக ஏறும் இந்த உத்திக்கு ரோசினி பேர்போனவர்.

‘லா கலுன்னியா’ என்பது முதல் சொற்கள். அழுத்தம் ‘லு’வில். அதன் ஆங்கிலப் பங்காளியான ‘கேலம்னி’யில் அழுத்தம் முதல் அசைக்கு ஓடிவிடுவதால் அந்தச் சந்தத்தில் அது கோணலாக நிற்கும். மேடை வடிவத்தில் இருந்த ‘ஸ்லாண்டர்’ என்ற சொல்லின் தொடக்கமோ, மெல்லிய காற்றாகப் புறப்பட வேண்டிய இடத்தில் தட்டுத் தட்டென்று நடந்தது. புதிய வரி ‘ஜஸ்ட் எ ரூமர்’. நான்கு அசை, மூன்றாவதில் அழுத்தம், நீண்ட ஊகாரம், பின்னால் ஒரு மெல்லின மகரம். பல வார இழுபறிக்குப் பிறகு வர வேண்டிய வரி, காலைச் சிற்றுண்டியின்போது வந்தது.

ஆங்கிலம் இழப்பு மட்டுமே தரும் என்று எண்ணியிருந்த எனக்கு இந்தப் பாட்டில் பதில் கிடைத்தது. காற்று சீறிக்கொண்டு போகும் பகுதியில் ஆங்கிலத்தின் சகரக் கூட்டம் நமக்கு உதவியது. பாடகர் குரலே எழுப்பாமல் மைக்கின் அருகில் ‘ஸ்’களை மட்டும் வீசினார், வைக்கோலுக்குள் ஏதோ ஊர்வது போல இருந்தது. மேடையின் பத்தாம் வரிசைக்குக்கூட எட்டாத ஒலி அது. ஒலிப்பதிவு மேடையைவிட ஒரு படி மேலே போனது இந்த ஓர் இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

நான்காம் நாள் தவறு

சொற்களை மாற்றுவது இனிப்புத் தின்பது போல, நிறுத்துவது கடினம். முதல் நாள் இரவு அவசியத்துக்காகத் தொடங்கியது, மூன்றாம் நாள் வழக்கமாகிவிட்டது. எதை மாற்றலாம், எதுவரை மாற்றலாம் என்று யாரும் வரையறுக்கவில்லை.

இரண்டாம் அங்கத்தில் ஓர் ஐவர் பாட்டு உண்டு. வரக்கூடாத நேரத்தில் வந்து நிற்கும் பசீலியோவின் கையில் பணப்பையைத் திணித்து, உமக்கு விஷக்காய்ச்சல், வீட்டுக்குப் போய்ப் படும் என்று எல்லாரும் சேர்ந்து வெளியே தள்ளுகிறார்கள். ‘புவோனா சேரா’ என்று மாலை வணக்கம் சொல்லிச் சொல்லியே தள்ளுவார்கள். மொழிபெயர்ப்பில் ‘குட் ஈவினிங்’ என்று இருந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் அப்படியே எடுத்து முடித்தோம். இரவில் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். ‘குட் ஈவினிங்’ ஆங்கிலத்தில் பெரும்பாலும் வருகிறவருக்குச் சொல்வது. போகிறவருக்குச் சொல்வது ‘குட் நைட்’. படம் இல்லாமல் கேட்பவர், பசீலியோவை வரவேற்கிறார்கள் என்று எண்ணிவிடுவார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

நான்காம் நாள் கடைசி அமர்வில் 40 நிமிடம் மிச்சம் இருந்தது. ஐந்து பாடகர்களின் பிரதிகளிலும் புதிய சொற்களைச் சிறு தாளில் எழுதி ஒட்டினோம். பாட்டின் பெரும்பகுதியை அவசரமாக மறுபடி எடுத்தோம். எல்லாரும் களைத்திருந்தார்கள். அல்மவீவாவாகப் பாடிய டெனரின், அதாவது உயர்ந்த ஆண் குரல் பாடகரின், பிரதியில் ஓரிடத்தில் தாள் ஒட்டப்படவில்லை. மற்ற நால்வரும் ‘நைட்’ என்று பாடும்போது அவர் மட்டும் பழைய சொல்லைப் பாடினார். அந்த டேக்குக்கு எதிரே ‘சுத்தம்’ என்று எழுதியது என் கைதான்.

மூன்று வாரம் கழித்து எடிட்டிங்கில் மொழிபெயர்ப்பாளர் முதல் தடவையிலேயே அதைப் பிடித்தார். சாதாரணப் பிசகாக இருந்தால் வேறு டேக்கிலிருந்து இரண்டு கட்டங்களை எடுத்து ஒட்டிவிடலாம். இங்கே முடியவில்லை. மூன்றாம் நாள் டேக்குகளில் ஐவரும் பழைய சொல்லைப் பாடுகிறார்கள். நான்காம் நாளில் அந்தப் பக்கத்துக்கு இருந்தது ஒரே டேக். சொல்லை மாற்றிய கணத்திலேயே முந்தைய டேக்குகள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வெளியான பதிவில் இன்றும் நால்வர் விடைகொடுக்க, அல்மவீவா பிரபு மட்டும் வரவேற்றுக்கொண்டிருக்கிறார்.

பேச்சுப்பாட்டும் தட்டுகளும்

ஆறாம் நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேச்சுப்பாட்டில் எழுதியிருக்கும் சுரங்களின் நீளத்தை அப்படியே பிடித்தால் ஆங்கிலம் இயந்திரம் போலக் கேட்டது. ஒவ்வொரு காட்சியையும் முதலில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாடகம் போலப் படித்தார்கள். அந்த ஓட்டம் வாயில் இருக்கும்போதே மைக் முன் போய்ப் பாடினார்கள். ஹார்ப்சிகார்ட் வாசித்தவர் அவர்களுக்குப் பின்னால் போனார். இந்த ஒரு நாள் வேலை முழு ஒலிப்பதிவிலும் மிகத் தெளிவானது. நியாயமாக இதைத்தான் முதல் நாள் செய்திருக்க வேண்டும்.

கண்ணுக்கு மட்டும் தெரியும் செய்திகளுக்குக் காதுக்கு ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. ரோசினா மாடத்திலிருந்து கடிதத்தைப் போடுவதற்கு ஒலியே இல்லை. ஒரு சன்னல் கதவைத் திறந்து மூடினோம். ஃபிகரோ மாடத்துச் சாவியைத் திருடப்போன இடத்தில், பார்த்தோலோவைத் திசைதிருப்பப் பாத்திரங்களைப் போட்டு உடைக்கிறான். பழைய பொருள் கடையிலிருந்து வாங்கி வந்த ஆறு பீங்கான் தட்டுகளை உடைத்துப் பார்த்தோம். யாரோ கரண்டியைக் கீழே போட்டது போல மெலிந்து கேட்டது. கடைசியில் ஒரு தடித்த மண்ஜாடியை இரும்புத் தட்டின் மேல் போட்டபோதுதான், கேட்டவர்களுக்கு வீடே இடிந்தது போல இருந்தது. ஜாடி ஒன்றே ஒன்று. நல்லவேளை, முதல் டேக்கிலேயே அமைந்தது.

விளைவு

இரண்டு குறுந்தட்டுகளாக வெளியானது. குழு தன் நிகழ்ச்சிகளிலேயே பெரும்பாலும் விற்றது. தேவாலயப் பெண்மணிக்கு ஒன்று கொடுத்தோம். பார்த்தோலோவின் ஆரியாவை மறுபடி போட்டு எழுதச் சொன்னபோது தாள் நிரம்பியது. கதவு, காற்று எல்லாம் அதில் இருந்தன. வேகமாக ஓடும் கடைசிப் பகுதியில் அவருக்கு இன்னும் இடைவெளிகள் இருந்தன. அதை நாங்கள் எதிர்பார்த்தோம்.

உள்ளே வைத்த பாட்டுப் புத்தகம் வேறு கதை. ஒலிப்பதிவுக்கு முன்பே அது அச்சுக்குப் போய்விட்டது. பாடியிருப்பதற்கும் அச்சிட்டதற்கும் பல இடங்களில் பொருத்தமில்லை. ‘ரூமர்’ என்று காது கேட்கும், ‘ஸ்லாண்டர்’ என்று கண் படிக்கும்.

மிகவும் பலவீனமான பாட்டு எது என்று கேட்டால், தொடக்கத்தில் விடியற்காலையில் அல்மவீவா சன்னலுக்குக் கீழே நின்று பாடும் காதல் பாட்டு என்று தயங்காமல் சொல்வேன். நகைச்சுவை மொழி மாறினாலும் பிழைத்துக்கொள்கிறது, சில இடங்களில் கொழிக்கவும் செய்கிறது. உருக்கம் அப்படி இல்லை. டெனர் அழகாகப் பாடியிருக்கிறார். ஆனால் நீண்ட சுரங்களில் ‘ஐ’, ‘ஔ’ போன்ற ஆங்கிலத்தின் இரட்டை உயிர்கள் வாயை இடையில் திருப்பிவிடுகின்றன.

மாற்றிச் செய்வதாக இருந்தால்

அந்தக் காதல் பாட்டை இத்தாலியனிலேயே விட்டிருக்கலாம் என்பது என் கட்சி. கதைக்குள்ளேயே அது ஒரு பாட்டு. பிரபு வாத்தியக்காரர்களைக் கூலிக்கு அழைத்துவந்து பாடுகிறார். எந்த மொழியில் பாடினாலும் கதை கெடாது. அதே வாதத்தின்படி, சற்றுப் பின்னால் அவர் தன் பெயர் லின்டோரோ என்று பொய் சொல்லிப் பாடும் பாட்டையும் விட்டுவிடுவாயா என்று மொழிபெயர்ப்பாளர் என்னை மடக்கினார். அதை விட முடியாது. அந்தப் பொய்ப்பெயரில்தான் பாதிக் கதை தொங்குகிறது. ஒன்றை இத்தாலியனிலும் மற்றதை ஆங்கிலத்திலும் பாடினால் பிரபுவுக்குப் பைத்தியமா என்று கேட்டார். இதில் நாங்கள் இன்னும் உடன்படவில்லை.

மற்றவற்றில் உடன்பாடு உண்டு. பியானோவும் ஒரு மைக்கும் மட்டும் வைத்து, கூடத்தை வாடகைக்கு எடுப்பதற்குப் பல வாரங்கள் முன்பே முழு ஓபராவையும் பாடிப் பதிவு செய்து, அதை ஓபரா பக்கமே போகாத இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து எழுதச் சொல்ல வேண்டும். பேச்சுப்பாட்டு முதலில், வாத்தியங்கள் பிறகு. பாட்டுப் புத்தகம் எடிட்டிங் முடிந்த பிறகே அச்சுக்கு. ஒரு சொல்லை மாற்றினால், அந்தப் பாட்டை முழுவதுமாக மறுபடி எடுக்க நேரம் இருக்கிறதா என்று முதலில் கேட்பது. இல்லையென்றால் சொல்லைத் தொடாமல் விட்டுவிடுவது.

குழு அடுத்து எடுத்திருப்பது டொனிசெட்டியின் ‘டான் பாஸ்குவாலே’. 1843-ல் பாரிஸில் மேடையேறியது. இரண்டு ஆண்கள் போட்டி போட்டுக்கொண்டு நாக்கைச் சுழற்றும் ஒரு பாட்டு அதில் இருக்கிறது, நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. முதல் அமர்வுக்கு 30 நாள் முன்பு சொற்களைப் பூட்டிவிடுவது என்று திட்டத்தில் எழுதியிருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்டார். ஆனால் பதிவறையில் தனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் சேர்த்திருக்கிறார், சிவப்பில்.